முதலில் கேட், பிறகு சிக்னல்: ஹாம் நிலையத்தில் கேட்பதிலிருந்து அனுப்புவதற்கு மாறும் வரிசை

சீக்வென்சர், அதாவது கேட்பதிலிருந்து அனுப்புவதற்குப் போகும்போது கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிவிடும் சர்க்யூட், என்ற பேச்சு எழுந்தால் ஹாம்களிடமிருந்து, அதாவது பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்துபவர்களிடமிருந்து, இரண்டு பதில்கள் வரும். "ரிக்கிலேயே (கேட்கவும் அனுப்பவும் செய்யும் வானொலிப் பெட்டியிலேயே) டிலே இருக்கிறது, அது போதும்" என்பது ஒன்று. "எல்லா ரிலேயையும் பி.டி.டி.யோடு (பேசுவதற்கு அழுத்தும் சுவிட்சோடு) சேர்த்துக் கட்டிவிடுங்கள், ஒன்றாக மாறிக்கொள்ளும்" என்பது இன்னொன்று. சிறிய நிலையத்தில் இரண்டுமே சில காலம் ஓடும். கம்பத்தின் உச்சியில் வரும் சிக்னலைத் தூக்கிவிடும் ப்ரீஆம்ப், கீழே அனுப்பும் பவரைப் பெரிதாக்கும் லீனியர் என்று வைத்த பிறகு இரண்டுமே பொருளைத் தின்னும் பதில்கள். ஏன் என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

இன்டர்லாக் செய்த ரயில்வே லெவல் கிராசிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டை இறக்கிப் பூட்டாமல் ரயிலுக்கான சிக்னலைப் பச்சைக்குக் கொண்டுவர முடியாது. ரயில் கடந்த பிறகும் சிக்னல் சிவப்புக்குத் திரும்பினால்தான் கேட்டைத் தூக்க முடியும். போகும்போது கேட், சிக்னல். திரும்பும்போது சிக்னல், கேட். சீக்வென்சர் செய்வது இந்த வேலைதான்.

ஒரே ஆன்டெனா, இரண்டு வேலை

பெரும்பாலான ஹாம் நிலையங்களில் ஒரே ஆன்டெனாதான் கேட்கவும் அனுப்பவும் பயன்படுகிறது. இந்த இரண்டு வேலைகளுக்கும் உள்ள அளவு வித்தியாசத்தை எண்ணிப் பார்த்தால் சிக்கல் புரிந்துவிடும். 144 மெகாஹெர்ட்ஸில், சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டர் 9 காட்டும் நல்ல பலமான சிக்னல், ஆன்டெனா முனையில் 5 மைக்ரோவோல்ட். நாம் 100 வாட் அனுப்பும்போது அதே 50 ஓம் கேபிளில் இருப்பது சுமார் 70 வோல்ட். பவர் கணக்கில் இது 200 லட்சம் கோடி மடங்கு. முன்னதைக் கேட்பதற்கென்றே செய்த கருவி, பின்னதை ஒரு கணம் பார்த்தாலும் தாங்காது.

கேட்பதற்கும் அனுப்புவதற்கும் வேறு வேறு பேண்ட், வேறு வேறு ஆன்டெனா என்றால் இந்தத் தொல்லை கிடையாது. 2018 நவம்பரில் ஏவப்பட்ட எஸ்ஹெய்ல்-2 செயற்கைக்கோளில் உள்ள, வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஹாம் கருவியான க்யூ.ஓ.-100 வழியாகப் பேசுபவர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்பி, 10.489 கிகாஹெர்ட்ஸில் தங்கள் குரலை உடனுக்குடன் தாங்களே கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து எட்டக்கூடிய செயற்கைக்கோள் அது. அங்கே மாற்றிவிட எதுவும் இல்லை. நாம் பேசுவது அதற்கு நேர் எதிரான, ஒரே பேண்டில் ஒரே ஆன்டெனா வைத்திருக்கும் நிலையத்தைப் பற்றி.

உதாரணத்துக்கு 144 மெகாஹெர்ட்ஸ் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேசையில் ரிக். அதற்கடுத்து 300 வாட் லீனியர், அதாவது ரிக் கொடுக்கும் சிறு பவரைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர். கம்பத்தில் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே ப்ரீஆம்ப், அதாவது வரும் சிக்னலைக் கேபிள் விழுங்குவதற்கு முன்பே தூக்கிவிடும் சிறு ஆம்ப்ளிஃபையர். ஆன்டெனாவை ஒரு நேரம் ப்ரீஆம்ப் பக்கமும் மறு நேரம் லீனியர் பக்கமும் திருப்பிவிடும் கோஆக்ஸ் ரிலே ஒன்று. இவை எல்லாவற்றையும் மாறச் சொல்லும் கட்டளை பி.டி.டி., அதாவது பேசுவதற்கு அழுத்தும் சுவிட்ச்.

ஒரே கட்டளை, வெவ்வேறு வேகம்

பி.டி.டி. அழுத்தியதும் எல்லாம் ஒரே நொடியில் மாறுவதாக நமக்குத் தோன்றும். காதுக்கும் ஒரே "டக்" தான் கேட்கிறது. உள்ளே நடப்பது வேறு.

ரிலே என்பது காந்தம் இழுக்கும் ஓர் இரும்புத் துண்டு. காயிலில் கரண்ட் ஏற வேண்டும், இரும்பு நகர வேண்டும், முனை போய்த் தொட வேண்டும், தொட்ட பிறகும் ஒன்றிரண்டு முறை துள்ளி அடங்க வேண்டும். சிறிய ரிலேக்கு இதற்கு 5 முதல் 10 மில்லிசெகண்ட் ஆகும். பெரிய கோஆக்ஸ் ரிலேக்கு 15 முதல் 30 மில்லிசெகண்ட் வைத்துக்கொள்ளலாம். லீனியரின் பயாஸ், அதாவது டிரான்சிஸ்டரை வேலைக்குத் தயாராக வைக்கும் சிறு மின்னழுத்தம், ரிலே எதுவும் இல்லாமல் கண நேரத்தில் வந்துவிடும். ரிக்கோ பி.டி.டி. கிடைத்துப் பத்துப் பதினைந்து மில்லிசெகண்டிலேயே ஆர்.எஃப்., அதாவது வானொலிப் பவரை, வெளியே தள்ளத் தொடங்கிவிடலாம்.

ஆக, எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கட்டினால் முன்பே தயாராகிவிடுவது ஆர்.எஃப்.; கடைசியில் தயாராவது அது போகவேண்டிய பாதை. கேட் பாதி இறங்கியிருக்கும்போது ரயில் வந்துவிடுகிறது.

சுருக்கமாக: கட்டளை ஒன்றாக இருந்தாலும் அதை நிறைவேற்றுபவை ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. மிக மெதுவாக மாறும் கோஆக்ஸ் ரிலேயைத்தான் மற்ற எல்லாம் காத்திருந்து அழைத்துப் போக வேண்டும்.

பவர் ஓடும்போது ரிலே மாறினால்

ஆர்.எஃப். பாய்ந்துகொண்டிருக்கும்போதே ரிலே முனை விலகுவதை ஹாட் ஸ்விட்சிங் என்கிறார்கள். தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வயலுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு அடுத்த வயலுக்கானதைத் திறக்கப் போகிறீர்கள். இடையில் தண்ணீருக்குப் போக வழியே இல்லை. பைப்பின் மூட்டு பிய்த்துக்கொள்ளும். மோட்டாரை நிறுத்தி, வால்வை மாற்றி, பிறகு மோட்டாரைப் போடுவதுதான் தெரிந்தவர் செய்வது.

கேபிளிலும் இதேதான். 300 வாட் என்பது 50 ஓமில் 122 வோல்ட், உச்சத்தில் 173. பாதை திறந்து கிடந்தால் போன பவர் அப்படியே திரும்பி வந்து, முன்னே போவதோடு சேர்ந்து, கேபிளில் சில இடங்களில் இரண்டு மடங்காக, 346 வோல்ட் வரை, எழும்பும். அந்த மின்னழுத்தத்தில் விலகும் முனைகளுக்கு நடுவே பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் முனையில் ஒரு குழியைக் கொத்திவிட்டுப் போகும். ரிலே ஒரே நாளில் சாகாது. தொடர்பு மெல்லக் கெட்டு, ரிசீவரில் சிக்னல் சில நாள் நன்றாகவும் சில நாள் மங்கலாகவும் கேட்கும். ஆன்டெனாவையும் கனெக்டரையும் குடைந்துகொண்டிருப்பார்கள். குற்றவாளி ரிலேக்குள் இருப்பான். மோசமான நாளில் முனைகள் பற்றவைத்தது போல் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால், அடுத்த முறை அழுத்தும்போது முழுப் பவரும் ப்ரீஆம்புக்கு.

ரிலே ஒழுங்காக மாறினாலும் கொஞ்சம் கசியும். ஒரு முனையிலிருந்து மூடிய மறு முனைக்குக் கசிவதை ரிலே எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஐசொலேஷன் என்று பெயர், டெசிபெலில் சொல்வார்கள். 300 வாட்டுக்கு 30 டெசிபெல் ஐசொலேஷன் என்றால் ப்ரீஆம்புக்குப் போவது 300 மில்லிவாட், அதைக் கொல்லப் போதுமான அளவு. 50 டெசிபெல் என்றால் 3 மில்லிவாட். விலை மலிந்த ரிலேயின் இந்தக் குறையை எந்த சீக்வென்சரும் தீர்க்காது. ரிலே வாங்கும்போதே அது எத்தனை வாட் தாங்கும் என்று கேட்பதோடு, நம் பேண்டில் ஐசொலேஷன் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

சரியான வரிசை

அனுப்பப் போகும்போது:

1. ப்ரீஆம்பின் சப்ளை துண்டிக்கப்படும்.
2. கோஆக்ஸ் ரிலே ஆன்டெனாவை லீனியர் பக்கம் திருப்பும்.
3. லீனியருக்கு பயாஸ் கிடைக்கும்.
4. ரிக் ஆர்.எஃப். கொடுக்க அனுமதி பெறும்.

கேட்கத் திரும்பும்போது 4, 3, 2, 1. ரிக் அடங்கி, லீனியர் அடங்கி, ரிலே திரும்பி, கடைசியில் ப்ரீஆம்ப் உயிர் பெறும்.

நான்காவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ரிலேக்கும் லீனியருக்கும் அழகாக டிலே வைத்துவிட்டு, ரிக்கின் வாயைக் கட்டாமல் விட்டால் எல்லாம் வீண். ரயிலை நிறுத்திவைக்கும் அதிகாரம் கேட்கீப்பரிடம் இல்லை என்றால் பிறகு எதற்கு கேட்?

வரிசையைப் பிடித்து வைத்திருக்கும் கெப்பாசிட்டர்

மைக்ரோகண்ட்ரோலரில் நான்கு வரி எழுதியும் இதைச் செய்யலாம். ஆனால் கருத்து புரிய வேண்டுமானால் பழைய கம்பேரேட்டர் சர்க்யூட்டுக்கு ஈடில்லை. கம்பேரேட்டர் என்பது இரண்டு மின்னழுத்தங்களில் எது பெரிது என்று சொல்லும் சிப். எல்.எம்.339 என்ற ஒரே சிப்பில் நான்கு இருக்கின்றன, நமக்கும் நான்கு படிகள்தான் வேண்டும்.

12 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே ஐந்து சம ரெசிஸ்டர்களை வரிசையாகக் கட்டினால் நடுவில் நான்கு முனைகள் கிடைக்கும்: 2.4, 4.8, 7.2, 9.6 வோல்ட். கிணற்றுச் சுவரில் போட்ட நான்கு அளவுக்கோடுகள் போல. ஒவ்வொரு கம்பேரேட்டரும் ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். கிணறு என்பது 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பி.டி.டி. அழுத்தியதும் 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக அது நிரம்பத் தொடங்கும். விட்டதும் அதே ரெசிஸ்டர் வழியாக வடியும்.

நீர்மட்டம் ஏறும்போது முதல் கோடு, இரண்டாம் கோடு, மூன்று, நான்கு என்றுதான் தொட முடியும். இறங்கும்போது நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. திரும்பும் வரிசையை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைவிட அருமை இன்னொன்று: பாதி ஏறும்போதே பி.டி.டி.யை விட்டுவிட்டால், அல்லது சுவிட்ச் துள்ளினால், மட்டம் இருந்த இடத்திலிருந்தே இறங்கும். எங்கே திரும்பினாலும் வரிசை குலையாது. மைக்ரோகண்ட்ரோலரில் டிலே, டிலே என்று அடுக்கி எழுதும்போது இந்த நடுவழித் திருப்பத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் புரோகிராம் நான்கு படியும் ஏறி முடித்த பிறகுதான் கையை விட்டதையே கவனிக்கும்.

நேரக் கணக்கு இதோ. 10 கிலோஓமும் 10 மைக்ரோஃபாரடும் பெருக்கினால் 100 மில்லிசெகண்ட். கெப்பாசிட்டர் தொடக்கத்தில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் நிரம்பும் என்பதால் கோடுகளைத் தொடும் நேரம் 22, 51, 92, 161 மில்லிசெகண்ட். அதாவது 51-இல் ரிலே கட்டளை பெறுகிறது, 20 மில்லிசெகண்ட் எடுத்து 71-இல் அடங்குகிறது, 92-இல் லீனியர், 161-இல் ரிக். இறங்கும்போது 22-இல் ரிக், 51-இல் லீனியர், 92-இல் ரிலே, 161-இல் ப்ரீஆம்ப். சாதாரண எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் அளவே 20 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பதால் இவை தோராய எண்கள். இடைவெளி தாராளமாக இருப்பதால் அது பொருட்டில்லை.

எல்.எம்.339-இன் வெளியீடு ரிலேயை நேராக இழுக்காது. ஒவ்வொரு வெளியீட்டையும் 4.7 கிலோஓம் வழியாக 12 வோல்ட்டுக்குக் கட்டி, அங்கிருந்து ஐ.ஆர்.எஃப்.540 போன்ற மாஸ்ஃபெட்டை, அதாவது சுவிட்ச் போல் வேலை செய்யும் டிரான்சிஸ்டரை, ஓட்டுங்கள். வெளியே போகும் ஒவ்வொரு கம்பியிலும் தரைக்கு ஒரு 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் அவசியம். இல்லாவிட்டால் நம்முடைய ஆர்.எஃப்.பே உள்ளே நுழைந்து கம்பேரேட்டரைக் குழப்பும்.

சுருக்கமாக: சீக்வென்சரின் உயிர் வரிசையில் இருக்கிறது. இடைவெளி 30 ஆனாலும் 50 ஆனாலும் ரிலே அடங்க நேரம் கிடைத்தால் போதும்.

காயில் மேல் போட்ட டயோடு

ரிலே காயிலின் கரண்டை நிறுத்தும்போது அது எதிர்த் திசையில் ஒரு பெரிய மின்னழுத்தத்தைக் கக்கும். மாஸ்ஃபெட்டைக் காக்க, காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு போடுவது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் அந்த டயோடு காயிலின் கரண்டை உள்ளுக்குள்ளேயே சுற்றவிடுகிறது. காந்தம் மெதுவாகத்தான் சாகும். டேட்டாஷீட்டில் ரிலே 10 மில்லிசெகண்டில் விடும் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் டயோடு இல்லாமல் அளந்த எண். டயோடு போட்டால் அது பல மடங்காகலாம். நம் சர்க்யூட்டில் ரிலே விட்ட பிறகு ப்ரீஆம்ப் வர 69 மில்லிசெகண்ட் இருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கிறோம். அதுவும் போதாது என்றால் டயோடோடு தொடராக, ரிலே மின்னழுத்த அளவுக்கு ஒரு ஜீனர் டயோடு சேர்த்தால் விடுவது வேகமாகும்.

கம்பத்து ரிலேயை எந்தப் பக்கம் ஓய்வாக வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கரண்ட் இல்லாதபோது ஆன்டெனா லீனியர் பக்கம் இருக்கும்படி கட்டுவதே என் பரிந்துரை. கேபிள் அறுந்தாலும், சப்ளை போனாலும், சுவிட்ச் போட மறந்தாலும் ப்ரீஆம்ப் பிழைக்கும். அப்படிக் கட்டினால் டயோடின் மந்தம் அனுப்பும் பக்கத்துக்கு இடம் மாறும். ரிலே 51-இல் விட ஆரம்பித்து 161-க்குள் அடங்குகிறதா என்று அளந்து பாருங்கள்.

பி.டி.டி. எங்கே போக வேண்டும்

பொதுவான தவறு: மைக்கின் பி.டி.டி. ரிக்குக்கு நேராகப் போகிறது. ரிக்கின் பின்னால் இருக்கும் வெளியீட்டிலிருந்து சீக்வென்சர் கட்டளை பெறுகிறது. ரிக் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. சீக்வென்சர் 161-இல் அனுமதி கொடுப்பது யாருக்கு?

சரியான வழிகள் இரண்டு. ஒன்று, கால் சுவிட்சோ கை சுவிட்சோ சீக்வென்சருக்கு முதலில் போக வேண்டும். அதன் நான்காவது வெளியீடுதான் ரிக்கின் பி.டி.டி. முனையை இழுக்க வேண்டும். இன்னொன்று, ரிக்கில் ஆர்.எஃப்.பை மட்டும் தடுத்துவைக்கும் முனை இருந்தால், நான்காவது வெளியீடு அந்தத் தடையை நீக்கட்டும். இரண்டாவது வழியில் எப்படி அழுத்தினாலும் பாதுகாப்பு உண்டு.

முதல் வழியில் பின்வாசல்கள் திறந்தே இருக்கின்றன. மைக் பொத்தான், ட்யூனர் பொத்தான், கம்ப்யூட்டர் கேபிள் வழியாகச் சாஃப்ட்வேர் அனுப்பும் கட்டளை, குரல் கேட்டதும் தானே கிளம்பும் வாக்ஸ் ஆகிய நான்கும் சீக்வென்சரைத் தாண்டிப் போய்விடும். வாக்ஸை அணைத்துவிடுங்கள். சாஃப்ட்வேரில் பி.டி.டி.க்கு சீரியல் போர்ட்டின் ஆர்.டி.எஸ். முனையைத் தேர்ந்து, அதைச் சீக்வென்சரின் உள்ளீட்டில் கட்டுங்கள். ஆர்.எஃப். வந்ததை உணர்ந்து தானாக மாறும் ப்ரீஆம்புகளும் கடையில் கிடைக்கின்றன. ஆர்.எஃப். வந்த பிறகுதானே அவை மாறும்? ஒவ்வொரு முறையும் ஹாட் ஸ்விட்சிங்தான். சில வாட்டுக்கு மேல் அவற்றை நம்ப வேண்டாம்.

ரிக்கின் மெனுவில் இருக்கும் டிலேயும் இங்கே அரைகுறை உதவிதான். பல ரிக்குகளில் அது 30 மில்லிசெகண்டோடு நின்றுவிடும். லீனியர் ஒன்று மட்டும் இருந்தால் போதலாம்; கம்பத்து ரிலே, ப்ரீஆம்ப் என்று சேர்ந்துவிட்டால் போதாது.

161 மில்லிசெகண்டின் விலை

பேசும்போது அழுத்தி, ஒரு மூச்சு விட்டுத் தொடங்கினால் போதும். மோர்ஸில் கொஞ்சம் வலிக்கும். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லிசெகண்ட்தான். முதல் எழுத்தே காணாமல் போகும். மோர்ஸின் புள்ளி, கோடுகளை உருவாக்கும் கீயரில் பி.டி.டி.யை முன்கூட்டியே இழுக்கும் வசதி இருந்தால் 170 மில்லிசெகண்ட் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கால் சுவிட்ச். கம்ப்யூட்டர் வழியாகச் செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறையான எஃப்.டி.8-க்கு டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் சாஃப்ட்வேரில் அனுப்பும் தாமதம் இயல்பாகவே 0.2 விநாடி இருக்கும், நம் 161 அதற்குள் அடங்கிவிடுகிறது.

பவர் கொடுப்பதற்கு முன்

முதலில் லீனியரையும் ரிக்கையும் கழற்றிவையுங்கள். 10 மைக்ரோஃபாரடுக்குப் பதில் தற்காலிகமாக 1000 மைக்ரோஃபாரட் போட்டால் எல்லாம் நூறு மடங்கு மெதுவாகும். நான்கு வெளியீட்டிலும் எல்.இ.டி. கட்டி அழுத்திப் பிடியுங்கள். 2, 5, 9, 16 விநாடிகளில் ஒவ்வொன்றாக எரியும். விட்டால் தலைகீழாக அணையும். மூன்றாவது எரிந்ததும் கையை எடுத்துப் பாருங்கள். அப்போதும் 3, 2, 1 என்றே அணைய வேண்டும்.

அடுத்து, பழைய கெப்பாசிட்டரைத் திரும்பப் போட்டு ரிலேயின் உண்மையான நேரத்தை அளங்கள். ஆசிலாஸ்கோப் இருந்தால் ஒரு சேனலில் காயில், மறு சேனலில் சிறு பேட்டரியோடு கட்டிய ரிலே முனை. இல்லாவிட்டால் இரண்டையும் ரெசிஸ்டர்கள் போட்டு அரை வோல்ட்டுக்குக் குறைத்து, கம்ப்யூட்டரின் ஸ்டீரியோ லைன் உள்ளீட்டில் பதிவு செய்யலாம். ஒலி எடிட்டரில் இரண்டு கூர்முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ரிலேயின் நேரம். ரிலே மாறும்போதும் விடும்போதும் தனித்தனியாக அளங்கள்.

சீக்வென்சருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: கட்டளை கொடுத்த ரிலே உண்மையிலேயே மாறியதா என்பது. அது கடிகாரம் மட்டும்தான் பார்க்கிறது. கோஆக்ஸ் ரிலேயில் நிலையைக் காட்டும் துணை முனைகள் இருந்தால், லீனியரின் பயாஸ் கம்பியையும் ரிக்குக்கான அனுமதிக் கம்பியையும் தனித்தனித் துணை முனைகள் வழியாகக் கொண்டுபோங்கள். முனை ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை ரிக்குக்குக் கொடுங்கள். அப்போது ரிலே சிக்கிக்கொண்டால் ஆர்.எஃப்.பே பிறக்காது.

பிறகு ரிக்கை 5 வாட்டில் வைத்து, லீனியர் இல்லாமல் டம்மி லோடில், அதாவது ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டரில், தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். முழுப் பவருக்குப் போவதற்கு முன் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆன்டெனாவை வெறும் வானத்தின் பக்கம் திருப்பி, ப்ரீஆம்பின் சப்ளையைப் போட்டும் எடுத்தும் பார்த்தால் இரைச்சல் எத்தனை டெசிபெல் மாறுகிறது என்று. ப்ரீஆம்பின் டிரான்சிஸ்டர் அடிபடும்போது எப்போதும் ஒரேயடியாகச் சாவதில்லை. சிக்னல் வந்துகொண்டேயிருக்கும், மெல்லிய நிலையங்கள் மட்டும் கேட்காமல் போகும். மாதம் ஒருமுறை அதே திசையில் அதே அளவை எடுத்து, குறித்துவைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அதிலிருந்து இரண்டு மூன்று டெசிபெல் விலகியிருந்தால் ஆன்டெனாவில் ஏறுவதற்கு முன் சீக்வென்சரின் நேரங்களை மறுபடி அளங்கள்.